சீன மூலிகைகளில் போலியைக் கண்டறிவது எப்படி: கையில் எடுத்துச் சோதிக்கும் முழு வழிகாட்டி

சீன மூலிகை வணிகத்தில் 'போலி' என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடுவதில் நான்கு தனித்தனி மோசடிகள் இருக்கின்றன. முதலாவது, செடியே வேறு. இரண்டாவது, செடி சரி, ஆனால் ஏற்கெனவே காய்ச்சிச் சத்தை எடுத்துவிட்டு உலர்த்திய சக்கை. மூன்றாவது, மண், உப்பு, சர்க்கரை, உலோகத்தூள் என்று எதையாவது ஏற்றி எடை கூட்டியது. நான்காவது, சாயமோ கந்தகப் புகையோ போட்டு அழகாக்கியது. சீன மருந்துச் சட்டமும் இதே மாதிரி 'போலி மருந்து' என்றும் 'தரங்குறைந்த மருந்து' என்றும் பிரித்தே தண்டிக்கிறது. எந்த மோசடியைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் எந்தச் சோதனை உதவும் என்று தெரியும். செடி மாறியிருந்தால் பெரும்பாலும் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். எடைக்குத் தராசும் தண்ணீரும் வேண்டும். சத்து எடுத்த சக்கையை உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வழி.

சரக்கு வரும் பாதையும் கவனத்தில் இருக்கட்டும். ஆன்ஹுவி மாநிலத்தின் போஜோ, ஹெபேயின் ஆங்குவோ, குவாங்ஸியின் யூலின், செங்டுவின் ஹெஹுவாச்சி என்று சீன அரசு அங்கீகரித்த மூலிகை மொத்தச் சந்தைகள் 17. ஹாங்காங்கின் ஷெங் வான் கடைகளுக்கும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர்கள் போய் வாங்கும் சீன மருந்துக் கடைகளுக்கும் வருவதற்குள் சரக்கு பல கை மாறிவிடுகிறது. கடைக்காரர் நாணயமானவராக இருந்தாலும் அவருக்கு வந்த மூட்டை அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை.

சோதனை முழுவதற்கும் அடிப்படையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் எதைப் பார்ப்பார் என்று போலி செய்கிறவருக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் அவர் செய்துவைக்கிறார். அதனால் எல்லோருக்கும் தெரிந்த அடையாளத்துக்கு மதிப்புக் குறைவு. செய்து முடிக்கக் கூலி கட்டாத அடையாளத்துக்கே மதிப்பு அதிகம்.

முதல் படி: பெயரை உறுதி செய்யுங்கள்

ஆளைக் கொன்ற போலிகளில் பல, விலை உயர்ந்த சரக்கில் நடந்தவை அல்ல. மலிவான சரக்கில் பெயர்க் குழப்பத்தால் நடந்தவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மருந்து சாப்பிட்ட பெண்களில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. பின்னாளில் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. மருந்தில் இருக்கவேண்டியது ஃபாங்ஜி, அதாவது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற கொடியின் வேர். போனது குவாங் ஃபாங்ஜி, அதாவது அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. நம் ஆடுதின்னாப்பாளையின் இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. முதோங் என்ற பெயரிலும் இதே கதைதான்: அகேபியா கொடி முதோங், கிளிமாடிஸ் கொடி சுவான் முதோங், அரிஸ்டோலோக்கியா கொடி குவான் முதோங். சீனா 2003இல் குவான் முதோங்கையும், 2004இல் குவாங் ஃபாங்ஜியையும் இதே இனத்துச் சிங் முஷியாங்கையும் மருந்துப் பயன்பாட்டிலிருந்து நீக்கியது. மருந்துகளுக்கான அரசுத் தரநூலான சீன மருந்துநூலின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், அதே இனத்து மா தோவ் லிங்கும் தியென் ஷியென் தெங்கும் இடம்பெறவில்லை.

ஆகவே வாங்கும் முன் மூன்று விவரம் கேளுங்கள்: சீன எழுத்தில் பெயர், இலத்தீன் தாவரப் பெயர், எந்த உறுப்பு (வேரா, தண்டா, பூவா, விதையா). பில்லில் வெறும் 'ஃபாங்ஜி', 'முதோங்', 'சான்சீ' என்று மட்டும் இருந்தால் அதைப் பெயராகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். உண்மையான ஃபாங்ஜி கோணலான துண்டு. வளையும் இடங்களில் ஆழமான குறுக்குப் பள்ளங்கள் இருக்கும். வெட்டுமுகம் சாம்பல் கலந்த வெள்ளை, மாவு மாதிரி, ஆரக்கோடுகள் அரிதாக. குவாங் ஃபாங்ஜியின் வெட்டுமுகத்தில் வண்டிச்சக்கரத்தின் ஆரங்கள் மாதிரி கோடுகள் நெருக்கமாகத் தெரியும். மெல்லிய சீவல்களாக வந்துவிட்டால் கண்ணை நம்பாதீர்கள். இந்த ஒரு சரக்கை அரிஸ்டோலோக்கிக் அமிலச் சோதனைச் சான்று இல்லாமல் வாங்கவே கூடாது.

இரண்டாம் படி: கருவிகள்

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், 0.01 கிராம் காட்டும் தராசு, வெள்ளைப் பீங்கான் தட்டு, நிறமற்ற கண்ணாடி டம்ளர்கள், டிங்சர் அயோடின், டிஷ்யூ தாள், கூரான கத்தி, சிறு சுத்தியல், ஒரு காந்தம். வெயில் படும் சன்னலோரம் உட்காருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எல்லாக் குங்குமப்பூவும் நல்ல குங்குமப்பூதான்.

இவற்றைவிட அவசியமானது ஒப்பிட்டுப் பார்க்க உறுதியான ஒரு மாதிரி. ஆய்வகங்களுக்குச் சீன உணவு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 'ஒப்பீட்டு மூலிகை' என்று தனியாகவே விற்கிறது. வீட்டளவில், சான்று பெற்ற ஒரு கொள்முதலிலிருந்து 20 கிராம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் மூடி, பெயரும் தேதியும் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி: மாதிரி எடுக்கும் முறை

மூட்டையின் மேல்வாய் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். சீன மருந்துநூலின் கணக்கு இது: 5 மூட்டைக்குக் குறைவென்றால் ஒவ்வொன்றிலும், 5 முதல் 99 வரை என்றால் 5 மூட்டையில், 100 முதல் 1000 வரை என்றால் 5 சதவீதத்தில் எடுக்கவேண்டும். விலை உயர்ந்த சரக்கென்றால் எத்தனை இருந்தாலும் மூட்டை விடாமல். ஒரு மூட்டையில் குறைந்தது இரண்டு மூன்று இடங்களில், அதிலும் ஓர் இடம் மேற்பரப்பிலிருந்து 10 செ.மீ.க்கும் கீழே இருக்கவேண்டும். சாதாரணச் சரக்குக்கு 100 முதல் 500 கிராம், பொடிக்கு 25 முதல் 50 கிராம், விலை உயர்ந்ததற்கு 5 முதல் 10 கிராம். எடுத்ததைக் கலந்து சதுரமாகப் பரப்பி, குறுக்கும் நெடுக்கும் கோடிட்டு, எதிரெதிர் இரண்டு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி கலக்கவேண்டும். தேவையான அளவு வரும்வரை இப்படியே செய்யலாம். கடைசியில் மூன்று பங்கு: சோதனைக்கு, மறுசோதனைக்கு, சேமிப்புக்கு.

கடையில் 50 கிராம் வாங்குகிறவருக்கு இது பொருந்தாது. ஆனால் டப்பாவின் அடியிலிருந்து ஒரு கை எடுத்துக் காட்டச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு.

நான்காம் படி: பார், தொடு, முகர், முறி, பிறகு நாக்கு

வரிசை மாறக்கூடாது. முழு உருவம், மேற்பரப்பு, வெட்டுமுகம் இவற்றை லென்ஸில் பார்த்த பிறகே முறிக்கவேண்டும். முறித்த உடனே முகரவேண்டும், ஏனென்றால் வாசனை புது முறிவில்தான் இருக்கும். நாக்கு கடைசி. அரிசியளவு துண்டை நுனிநாக்கில் வைத்து, சில விநாடியில் துப்பி, வாய் கொப்பளியுங்கள். வத்ஸநாப இனத்துக் கிழங்குகள் (ஃபூசி, சுவான்வூ, சாவ்வூ), இனம் தெரியாத வேர், இனம் தெரியாத பூ இவற்றை நாக்கில் வைக்கவே கூடாது.

காய்ந்து சுருண்ட பூவும் இலையும் சுருண்ட நிலையில் எதுவும் சொல்லாது. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, வெள்ளைத் தட்டில் ஊசியால் விரித்துப் பாருங்கள். ஹாங்காங்கில் லிங்ஷியாவ்ஹுவா என்ற காம்ப்ஸிஸ் பூவுக்குப் பதில் ஊமத்தம்பூ போய், குடித்தவர்கள் மதிமயங்கி மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. விரித்துப் பார்த்திருந்தால் இரண்டுக்கும் குழப்பமே வராது: காம்ப்ஸிஸ் முழுப்பூ 4 முதல் 7 செ.மீ.தான், இதழின் உட்பக்கம் நரம்புகள் தெளிவாக ஓடும். ஊமத்தம்பூ நீண்ட புனல், 9 செ.மீ.க்குக் குறையாது.

இனி, அதிகம் மோசடி நடக்கும் சரக்குகளைத் தனித்தனியாகப் பார்ப்போம்.

கம்பளிப்பூச்சிக் காளான்

திபெத்தியப் பீடபூமியில், சிங்ஹாயின் யூஷூ, திபெத்தின் நாக்சூ பகுதிகளில் மண்ணுக்குள் இருக்கும் அந்துப்பூச்சிப் புழுவை ஒரு காளான் தின்று, அதன் தலையிலிருந்து முளைக்கிறது. டோங்சோங் ஷியாசாவ் என்ற இந்தச் சரக்கு எடைக்கு எடை தங்கத்தோடு போட்டிபோடும் விலையில் விற்றதுண்டு. எனவே செய்யாத போலி இல்லை.

அசலில் புழுவின் நீளம் 3 முதல் 5 செ.மீ., தடிமன் 3 முதல் 8 மி.மீ. நிறம் மஞ்சள் முதல் மஞ்சள் பழுப்பு, தலை செம்பழுப்பு. உடலில் 20 முதல் 30 வளையங்கள்; தலைப்பக்கம் போகப்போக வளையம் நெருக்கமாகும். கால் 8 ஜோடி: தலையருகே 3, நடுவில் 4, வாலில் 1. நடுவிலுள்ள 4 ஜோடிதான் தெளிவாகத் தெரியும். தண்டு தலையிலிருந்து கிளம்பி 4 முதல் 7 செ.மீ. நீளும்.

அச்சில் ஊற்றிய மாவுப் புழுவுக்கும் எட்டு ஜோடி கால் இருக்கும் என்பதை மறக்கவேண்டாம். கால் எண்ணிக்கை எல்லோரும் அறிந்த அடையாளம். அச்சுப் புழுவின் வளையங்கள் ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் ஓடும். நூறு புழுவை வரிசையாக வைத்தால் ஒன்றுபோல ஒன்று இருக்கும். அசலில் ஒன்றைப் போல இன்னொன்று அமையாது. சோதனை இப்படி:

நடுவில் பட்டென்று முறியுங்கள். அசல் சுலபமாக முறியும். உள்ளே மஞ்சள் கலந்த வெள்ளை, நடுவில் புழுவின் குடல் இருந்த இடத்தில் கருப்பாக ஒரு 'வி' அல்லது 'யூ' வடிவம். அச்சுப் புழுவில் உள்ளே வெறும் வெள்ளை. முறிவில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மாவு கருநீலமாகிவிடும், அசல் ஆகாது. ஆனால் அயோடின் நீலமாகவில்லை என்பதால் மட்டும் அசல் என்று முடிவுகட்டாதீர்கள். ஸ்டாகிஸ் என்ற செடியின் புழு வடிவக் கிழங்கும் இந்தப் பெயரில் விற்கிறது. அதில் மாவுச்சத்துக்குப் பதில் வேறு சர்க்கரை இருப்பதால் அயோடினுக்கு அது அசையாது. அதற்குக் காலும் கிடையாது, தண்டும் கிடையாது, வளையம் சிலதான்.

அடுத்து, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவையுங்கள். அசல் ஊறியதும் கால்கள் இன்னும் தெளிவாகும், தண்டும் புழுவும் பிரியாது. பசையில் ஒட்டியது பிரியும், அச்சில் வார்த்தது கரையும். உடைந்த துண்டுகளை மெல்லிய மூங்கில் குச்சி செருகி இணைத்து, முழுப் புழு விலைக்கு விற்பதும் உண்டு. ஊறவைத்தால் குச்சி துருத்தும். எடைக்கு உலோகத்தூள் பூசியிருந்தால் இரும்பைக் காந்தம் காட்டும், ஈயத்தைக் காட்டாது. ஒரே நீளமுள்ள பத்துப் புழுக்களைத் தனித்தனியாக எடை போடுங்கள். ஒன்றிரண்டு மட்டும் கனத்தால் அவற்றை முறித்துப் பாருங்கள்.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அசலே கிடைத்தாலும் அது நல்லது என்று பொருளில்லை. 2016இல் சீன உணவு மருந்து நிர்வாகம் சோதித்த சரக்கில் கிலோவுக்கு 4.4 முதல் 9.9 மில்லிகிராம் ஆர்செனிக் இருந்தது. உடல்நலப் பொருட்களுக்கான வரம்பு 1 மில்லிகிராம். இந்த விலைக்கு இதை வாங்கத்தான் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

குங்குமப்பூ

சீன மருந்தில் ஷிஹோங்ஹுவா. வணிகத்தில் 'திபெத் செம்பூ' என்றும் பெயர் உண்டு. காஷ்மீர், பாரசீகச் சரக்கு திபெத் வழியாகச் சீனாவுக்குள் போனதால் வந்த பெயர் அது. திபெத்தில் விளைந்தது என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம்.

சன்னல் வெளிச்சத்தில் டம்ளரில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, மூன்று நான்கு இழைகளை மெல்ல விடுங்கள். கலக்காதீர்கள். அசல் இழையிலிருந்து மஞ்சள் நிறம் நூலாக நேரே கீழிறங்கும். தண்ணீர் மெல்ல மஞ்சளாகும், சிவப்பாகாது. மேலே எண்ணெய்ப் படலமும் இருக்காது, அடியில் எதுவும் படியாது. பத்து நிமிடத்தில் இழை ஊறி, மேல்முனை எக்காளம் மாதிரி விரியும். விரிந்த ஓரத்தில் ஒழுங்கற்ற பல்வரிசையும் உட்பக்கம் சிறு பிளவும் லென்ஸில் தெரியவேண்டும். இழை சிவப்பாகவே இருக்கும்.

பலர் தண்ணீர் மஞ்சளானதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு, ஏனென்றால் குசும்பப்பூவும் தண்ணீரைப் பொன்மஞ்சளாக்கும். உருவத்தைப் பாருங்கள்: குசும்பம் ஒரு முழுச் சிறுபூ. குழல், நுனியில் ஐந்து பிளவு, நடுவே மஞ்சள் மகரந்தக் குழாய். சாயம் போட்ட மக்காச்சோள நார் தலை முதல் கால் வரை ஒரே தடிமன், எக்காளம் கிடையாது. சாயம் போட்ட தாமரை மகரந்தத்தாளில் நுனியில் பை இருக்கும். சாயமிட்ட எதுவும் தண்ணீரைச் சட்டென்று சிவப்பாக்கி, தான் வெளுத்துப் போகும்.

எடை ஏற்றியதைப் பிடிக்க, இழைகளை டிஷ்யூ தாளில் வைத்து அழுத்துங்கள்; எண்ணெய்க் கறை பட்டால் எண்ணெயோ கிளிசரினோ ஏறியிருக்கிறது. விரலில் ஒட்டினால் தேனோ சர்க்கரையோ. தண்ணீர்ச் சோதனையில் அடியில் வெள்ளையாகப் படிந்தால் தாது உப்பு. ஆய்வகத்தில் கந்தக அமிலம் ஒரு சொட்டு விட்டால் அசல் முதலில் நீலமாகி, ஊதாவாகி, செம்பழுப்பில் நிற்கும். இதை வீட்டில் செய்துபார்க்கவேண்டாம்.

தியென்மா

தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் இந்தக் கிழங்குக்கு ஒரு முனையில் கிளிமூக்கு மாதிரி செம்பழுப்பு மொட்டு, மறுமுனையில் வட்டத் தொப்புள் தழும்பு. இரண்டும் எல்லோருக்கும் தெரியும். எனவே உருளைக்கிழங்கில் இரண்டையும் செதுக்கிவிடுகிறார்கள். செதுக்க முடியாதது மூன்றாவது: கிழங்கைச் சுற்றிப் புள்ளிப்புள்ளியாக அமைந்த பல வளையங்கள். லென்ஸ் வைத்து அதை மட்டும் பாருங்கள். வெட்டுமுகம் கொம்பு மாதிரி பளபளப்பாக, கெட்டியாக இருக்கும். கொதிக்கவைத்தால் குதிரை மூத்திர வாடை வரும், வராவிட்டால் சந்தேகியுங்கள். டாலியா வேர், கல்வாழை இனக் கிழங்கு, நம் வீட்டு அந்திமந்தாரையின் வேர் எல்லாமே தியென்மாவாக விற்றிருக்கின்றன.

பொடியானால்: 1 கிராம் பொடியை 10 மி.லி. தண்ணீரில் 4 மணி நேரம், அவ்வப்போது குலுக்கி ஊறவைத்து வடிகட்டுங்கள். வடிநீரில் 2 முதல் 4 சொட்டு அயோடின். தியென்மா என்றால் செவ்வூதா அல்லது திராட்சை மது நிறம். உருளைக்கிழங்கு என்றால் நீலம். டிங்சரைச் சற்று நீர்த்தே சேர்க்கவும். அயோடின் அதிகமானால் அதன் பழுப்பே எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

சான்சீ

யுன்னானின் வென்ஷான் பகுதியில் விளையும் இந்த ஜின்செங் இன வேருக்குச் சந்தையில் 'செம்புத் தோல், இரும்பு எலும்பு' என்று பெயர். தலையில் பருக்கள், தொட்டால் கல். சுத்தியலால் தட்டினால் தோலும் உள்ளிருக்கும் கட்டையும் தனித்தனியாகப் பிரியும். இந்தப் பிரிவுதான் நம்பத்தக்க அடையாளம். உள்ளே சாம்பல் பச்சை, மஞ்சள் பச்சை அல்லது சாம்பல் வெள்ளை. சுவை முதலில் கசப்பு, பிறகு இனிப்பு. 500 கிராமுக்கு எத்தனை வேர் நிற்கிறது என்பதே தரக் கணக்கு. 20 தலை, 40 தலை, 60 தலை என்பார்கள். மெழுகும் மாக்கல் தூளும் போட்டுப் பளபளப்பாக்கியதைத் துணியால் அழுத்தித் துடைத்தால் தெரியும். மஞ்சள் இனத்துக் கிழங்கைப் பருவோடு செதுக்கியதை முறித்தால் மஞ்சள் வாசனை வந்துவிடும்.

இதில் உயிர் போகும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 'நாட்டுச் சான்சீ' என்று கைனூரா ஜப்பானிகா என்ற முற்றிலும் வேறு செடியின் கிழங்கை விற்கிறார்கள், கிராமங்களில் வீட்டிலும் வளர்க்கிறார்கள். அதிலுள்ள பைரோலிஸிடின் ஆல்கலாய்டுகள் ஈரலின் நுண் இரத்தக் குழாய்களை அடைக்கும். வயிறு வீங்கி மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளைப் பற்றிச் சீன மருத்துவ இதழ்களில் நிறையப் பதிவுகள் உண்டு. ஆகவே சான்சீயை ஒருபோதும் பொடியாக வாங்காதீர்கள். முழு வேரை வாங்கி, கண்ணெதிரே இடித்துத் தரச் சொல்லுங்கள்.

சுவான் பெய்மூ

இருமலுக்கான இந்தச் சிறு பூண்டு வடிவக் கிழங்கில் உயர்தரம் சோங்பெய். உயரம் 3 முதல் 8 மி.மீ. இரண்டு செதில்களில் பெரியது சின்னதை அணைத்தபடி இருக்கும். 'மடியில் நிலா' என்று சீன வியாபாரிகள் சொல்லும் தோற்றம் இதுதான். நுனி மூடியிருக்கும், அடி தட்டை. மேசையில் நிமிர்ந்து உட்காரும். விலை குறைந்த பிங் பெய்மூவின் சிறு கிழங்குகளைப் பொறுக்கி இதில் கலப்பது வழக்கம்; பணம்தான் நட்டம். காட்டுத் துலிப் கிழங்கான குவாங் சிகூ கலந்தால் அது கோல்சிசின் நஞ்சு. அது கூர்நுனி, ஒரு பக்கம் நெடுக்காகப் பள்ளம் ஓடும், பெய்மூவில் உள்ள அணைப்பு அதில் இராது. சந்தேகமென்றால் மரபணுச் சோதனை; சீன மருந்துநூலே சுவான் பெய்மூவுக்கு பிசிஆர் என்ற, மரபணுத் துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையைச் சேர்த்திருக்கிறது.

ஜின்செங்

நச்சுள்ள ஃபைடோலாக்கா வேர் முழு வேராக வரும்போது உருவத்தில் ஏமாற்றும். குறுக்கே வெட்டினால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையம் வளையமாக இருக்கும். ஜின்செங்கில் இந்த வளையங்கள் கிடையாது, ஆரமாகப் போகும் பிளவுகளும் பழுப்பு மஞ்சள் பிசின் புள்ளிகளும்தான். தண்டு உதிர்ந்த தழும்புகள் கிண்ணம் கிண்ணமாக அடுக்கிய கழுத்து அசலில் இருக்கும். மலை ஜின்செங் என்ற பெயரில் நீண்ட கழுத்தையும் மீசை வேர்களையும் பசையில் ஒட்டியிருப்பார்கள்; வெந்நீரில் போட்டால் கழன்றுவிடும். சர்க்கரைப் பாகில் ஊறியது விரலில் ஒட்டும்.

அமெரிக்க ஜின்செங் சீவலும் மலிவான ஆசிய ஜின்செங் சீவலும் கலந்தால் கண்ணால் பிரிக்க முடியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். சூடோஜின்செனோசைடு எஃப்11 அமெரிக்க ஜின்செங்கிலும், ஜின்செனோசைடு ஆர்எஃப் ஆசிய ஜின்செங்கிலும் அடையாளப் பொருள்கள். ஆய்வக அறிக்கையில் இந்த இரண்டையும் கேளுங்கள்.

அன்னாசிப்பூ, இலந்தை விதை, வூசி மாவ்தாவ்

 இவை மூன்றையும் யாரும் அதிகம் சோதிப்பதில்லை.

பிரியாணிக்குப் போடும் அதே அன்னாசிப்பூதான் சீன மருந்தில் பாஜியாவ். அதன் நச்சு உறவினரான மாங்சாவில் அனிசாடின் என்ற நரம்பு நஞ்சு, வலிப்பு வரும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல் அன்னாசிப்பூத் தேநீர் பற்றி எச்சரித்தது இதனால்தான். அசலில் பொதுவாக 8 கை, பருமனானவை, நுனி மழுங்கல், இனிப்பு மணம். மாங்சாவில் பெரும்பாலும் 10 முதல் 13 கை, ஒல்லி, நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். எண்ணிக்கையை மட்டும் நம்பவேண்டாம். ஜப்பானிய இனத்திலும் 8 வரும். கொக்கி நுனியும் இனிப்பு மணம் இல்லாமையும் சேர்ந்து வந்தால் தூக்கி எறியுங்கள்.

தூக்கத்துக்கான சுவான் ஜாவ் ரென் விதைக்குப் பதில் வருவது நம் இலந்தையின் விதை. அசல் செவ்வூதாப் பழுப்பு, ஒரு பக்கம் தட்டையாகி நடுவில் நெடுக்காக மேடான கோடு ஓடும். இலந்தை விதை மஞ்சள் பழுப்பு, அந்தக் கோடு இல்லை. உயிருக்கு ஆபத்தில்லை, பணத்துக்குத்தான்.

குவாங்டொங், ஹாங்காங் வீடுகளில் சூப்பில் போடும் வூசி மாவ்தாவ் ஒரு காட்டு அத்தியின் வேர். அதே புதரில் பின்னி வளரும் ஜெல்ஸீமியம் கொடியின் வேரும் சேர்ந்து தோண்டப்பட்டுவிடுகிறது. அது மூச்சை நிறுத்தும் நஞ்சு. இங்கே ஏமாற்றுகிறவர் யாருமில்லை, ஆனாலும் ஆள் சாகிறார்கள். அத்தி வேரின் பட்டை நாராக உரியும், தேங்காய்ப்பால் வாசனை அடிக்கும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக முகருங்கள். வாசனை இல்லாத ஒரு துண்டு இருந்தாலும் மொத்தமும் வேண்டாம். நாக்கில் வைப்பதும் வேண்டாம்.

செடி சரி, சரக்கு கெட்டது

கந்தகப் புகை: பூச்சி பிடிக்காமலும் வெள்ளையாகவும் இருக்கப் போடுவது. சீன மருந்துநூல் வரம்பு கிலோவுக்குப் பொதுவாக 150 மில்லிகிராம் கந்தக டை ஆக்சைடு. தியென்மா, ஷான்யாவ், பாய்ஷாவ், தாங்ஷென் உள்ளிட்ட 10 சரக்குக்கு 400. சரக்கை மூடிய பையில் அரைமணி வைத்துத் திறந்து முகருங்கள். மூக்கைக் குத்தும் வாடை, நாக்கில் புளிப்பு, இயல்புக்கு மீறிய வெண்மை இருந்தால் தவிருங்கள். சரக்கு சற்று மங்கலாக இருப்பதே நல்லது.

சாயம்: ஈரப் பஞ்சால் துடைத்தால் வூவெய்சி மாதிரி பழங்களில் சாயம் ஒட்டும். ஹுவாங்பாய் பட்டை, பூஹுவாங் மகரந்தம் இரண்டிலும் ஆரமின் ஓ என்ற தொழிற்சாலை மஞ்சள் சாயம் சேர்ப்பதுண்டு. ஹுவாங்பாய் தானாகவே மஞ்சளாகக் கசியும் என்பதால் வீட்டுச் சோதனை இங்கே எடுபடாது. ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

எடை: மண்புழு, தேள் இவற்றில் மண்ணும் உப்பும் அதிகம். 10 கிராமை 100 மி.லி. தண்ணீரில் அரைமணி ஊறவைத்துக் கலக்கி, சரக்கை எடுத்துவிட்டு, படிந்த மண்ணை உலர்த்தி எடை போடுங்கள். உப்பு கரைந்துவிடும், வடிகட்டிய நீரை வற்றவைத்தால் வெள்ளையாக நிற்கும்.

சக்கை: 5 கிராமை 100 மி.லி.யில் 20 நிமிடம் காய்ச்சி, உங்கள் குப்பியிலுள்ள மாதிரியையும் அதே அளவில் காய்ச்சி, நிறம், மணம், கசப்பு மூன்றையும் ஒப்பிடுங்கள். பாதிக்குப் பாதி வெளுத்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பழைய சரக்கும் இப்படித்தான் காட்டும்.

ஆய்வகத்தில் என்ன கேட்பது

'அசலா என்று சோதியுங்கள்' என்றால் எதையாவது செய்து தருவார்கள். கேள்வியைப் பொருத்தமாகக் கேளுங்கள். பொடிக்கு நுண்ணோக்கி மலிவு, விரைவு: மாவுமணி, படிகம், பிசின் குழாய் இவற்றை வைத்துக் கலப்படச் செடியைப் பிடிக்கலாம். மெல்லேட்டு வண்ணப்பகுப்பு (சத்துகளை ஒரு தகட்டில் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை), ஒப்பீட்டு மூலிகையோடு அருகருகே ஓடினால்தான் பொருளுள்ளது. அந்தப் படத்தையும் கேட்டு வாங்குங்கள். சத்தின் அளவுக்கு எச்பிஎல்சி என்ற உயர்திறன் திரவ வண்ணப்பகுப்பு. செடியின் இனத்துக்கு மரபணு வரிக்குறியீடு. தாவரங்களுக்கு மரபணுவின் ஐடிஎஸ்2 என்ற பகுதியைச் சீன ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சிய சாறு, சத்துத்தூள், மாத்திரை இவற்றில் மரபணு சிதைந்திருக்கும். மேலும், மரபணு இனத்தைச் சொல்லுமே தவிர வேரா இலையா, சத்து இருக்கிறதா, சாயம் போட்டதா என்று சொல்லாது. மரபணுச் சான்று ஒன்றைமட்டும் காட்டித் தரம் பேசுகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

போலி என்று தெரிந்தால்

மூட்டையைத் தனியே வைத்து, பில்லோடு மாதிரியை மூடி முத்திரையிட்டு, கடைக்காரருக்கும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் எழுதுங்கள். சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையம், ஹாங்காங்கில் சுகாதாரத் துறை. குடித்தபின் வாய் மரத்தல், பார்வை மங்கல், மதிமயக்கம், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல், வயிறு வீங்குதல் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சிய பாத்திரத்திலுள்ள சக்கையைக் கொட்டிவிடாமல் அப்படியே கையோடு கொண்டுபோங்கள். ஊறி விரிந்த சக்கையில்தான் எந்தப் பூ, எந்த வேர் என்று சீக்கிரம் அடையாளம் காண முடியும்.